பிரிண்ட் காய்ந்தால் மட்டும் போதுமா?

(குண்டடத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ரெண்டு குழுக்கள், "பனியன் பிரிண்டிங் டேபிள் போட்டு வேலை எடுத்துச் செய்யலாம்னு இருக்கோம், கடன் கிடைக்குமுங்களா?" என்று கேட்டாங்க. இன்னொரு உறுப்பினர், "எம் பொண்ணு போற யூனிட்ல ஏதோ கதிர் அடிக்கிற மெஷின் இருக்குதாமுங்க, உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" என்று கேட்டாங்க. ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே விஷயத்தில்தான் இருக்கிறது. அதுதான் கியூரிங்.

கியூரிங் என்ற வார்த்தை நமக்குப் புதுசு இல்லை. வீட்டுக்குக் கான்கிரீட் போட்டால் தினமும் தண்ணீர் விட்டு "கியூரிங்" பண்றோம். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் கெட்டியாகிறது. மண்பானையைப் பாருங்கள். வெயிலில் காய வைத்த பானையில் தண்ணீர் ஊற்றினால் கரைந்து போகும். சூளையில் சுட்ட பானை கரையாது. காய்வது வேறு, பதமாவது வேறு. பதமான பிறகு அந்தப் பொருள் பழைய நிலைக்குத் திரும்பாது.

பெயிண்டும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டில் முதலில் தின்னர் ஆவியாகும். பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். பவுடர் கோட்டிங் பீரோவில் பொடியைத் தூவி, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடு காட்டுகிறார்கள். பொடி உருகி, பிடித்துக்கொள்கிறது.

இப்போது பனியன் பிரிண்டிங்குக்கு வருவோம். திருப்பூர் யூனிட்களில் பிளாஸ்டிசால் இங்க் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அது பி.வி.சி. பொடியை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கலந்தது. இதை நிழலில் எத்தனை நாள் வைத்தாலும் காயாது. இங்க் முழுக்க ஏறக்குறைய 160 டிகிரி சூடு ஏறினால்தான் பதமாகும். தண்ணீர் கலந்த பிக்மெண்ட் பேஸ்ட் காற்றிலேயே காய்ந்துவிடும். ஆனால் அதிலுள்ள பைண்டர் துணியை இறுகப் பிடிக்க, பெரும்பாலும் 150 டிகிரி அளவில் சில நிமிடம் சூடு வேண்டும்.

நமக்கு நஷ்டம் வரும் இடம் இதுதான். மேலே தொட்டால் ஒட்டாது, பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே பச்சையாக இருக்கும். ரெண்டு தடவை துவைத்தால் உரிந்துவிடும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பீசுக்குப் பிரிண்டிங் கூலி 5 ரூபாய், பீசின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீஸ் கெட்டு, அதன் விலையை நம்மிடம் பிடித்தால் 20 பீசின் கூலி போச்சு. கடன் தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்து நிற்கும்.

இனி அந்தக் கதிர் மெஷின். அதில் வருவது புற ஊதாக் கதிர், யு.வி. என்பார்கள். நாம் காட்டில் வேலை செய்யும்போது மேலே படுகிற வெயிலிலும் இது இருக்கிறது. யு.வி. இங்கில் வெளிச்சத்தைக் கண்டதும் வேலை செய்யும் ஒரு மருந்து இருக்கும். விளக்கடியில் போனால் நொடியில் இறுகிவிடும். லேபிள், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், மரச்சாமான் பூச்சு எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அழகு நிலையத்தில் ஜெல் நகப்பூச்சை விளக்கில் காட்டுவதும் இதேதான். பெரிய ஆலைகளில் எலக்ட்ரான் கற்றையாலும் பூச்சை இறுக வைக்கிறார்கள். அதற்கு முதலீடு மிக அதிகம்.

சாதாரணப் பிரிண்டிங் யூனிட்டிலும் இந்தக் கதிருக்கு ஒரு வேலை உண்டு. ஸ்கிரீனில் மருந்து பூசி, இருட்டறையில் காய வைத்து, டிசைன் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவாங்க. வெளிச்சம் பட்ட இடம் இறுகும். டிசைன் மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த வழியாகத்தான் இங்க் துணியில் இறங்குகிறது.

கதிர் துணியில் தங்குமா? தங்காது. விளக்கை அணைத்தால் அதோடு முடிந்தது. அந்தத் துணியைத் தொட்டாலோ போட்டாலோ கதிரால் கெடுதல் இல்லை. ஆனால் எரியும் விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. வெல்டிங் வெளிச்சம் பார்த்த மாதிரி, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும். தோலும் கன்றிப் போகும். அதனால் மறைப்பு இல்லாமல் மெஷினை ஓட்டக் கூடாது, அதற்குரிய கண்ணாடியும் போட வேண்டும்.

உண்மையில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது பச்சையாக இருக்கும் இங்க்கைத்தான். யு.வி. இங்க் கையில் பட்டால் சிலருக்கு அரிப்பு, கொப்புளம் வரும். சில இடங்களில் ஸ்கிரீன் மருந்தில் ஆரஞ்சு நிறப் பைக்ரோமேட் பொடி கலக்கிறார்கள். அது நஞ்சு, வெறும் கையால் தொடவே கூடாது. கையுறை போடச் சொல்லுங்கள். தின்னரால் கை கழுவக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போதும். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பிளாஸ்டிசாலைக் கருகவிட்டால் வரும் புகை நெஞ்சைக் கரிக்கும். அதனால் புகையை வெளியே தள்ளும் பேன் கட்டாயம் வேண்டும். பிள்ளைகளுக்குக் கண்ணிலோ தோலிலோ தொந்தரவு என்றால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், என்ன மருந்து கையாண்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கடன் கேட்கும் குழுக்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்:

1. மதிப்பீட்டில் டேபிள், ஸ்கிரீன் மட்டும் எழுதாதீங்க. கியூரிங் மெஷின், அதற்கான கரண்ட் செலவு, புகை பேன், கையுறை எல்லாம் சேருங்கள்.

2. மெஷின் டயலில் காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. இங்க் மேல் எவ்வளவு சூடு ஏறியது என்பதைச் சூடு காட்டும் ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள்.

3. ஒவ்வொரு லாட்டிலும் முதலில் ரெண்டு பீஸ் போட்டு, ஆறியதும் இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிசால் பிரிண்ட் வெடித்தால் பெரும்பாலும் பதம் போதவில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், துவைத்தும் பாருங்கள். சரியாக இருந்தால்தான் மீதியை ஓட்ட வேண்டும்.

4. கெட்ட பீசுக்கு யார் பொறுப்பு என்பதை வேலை எடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

இந்த நாலையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். கணக்கு நின்றால் கடனுக்கு நாமே பரிந்துரை செய்வோம். நிற்கவில்லை என்றால் வேறு தொழில் யோசிப்போம். அவசரப்பட்டு எடுத்த கடன், பதமாகாத பிரிண்ட் மாதிரி, நம்மைக் கைவிட்டுவிடும்.