பட்டா இருந்தால் பணம், இல்லாவிட்டால் நோட்டீஸ்

(கும்மிடிப்பூண்டியில் மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனா, நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் கவிதை வாசித்தால் அது பொய்யாகிவிடும்.

சாலைக்கு நிலம் போன ஊர்க்காரர் ஒருவர் இழப்பீட்டுப் பணத்தை டெபாசிட் போட வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். பின்னால் வரிசையில் ஒரு ஆயா. அந்த மனிதரின் நிலத்தில் காலமெல்லாம் நாற்று நட்டவர். அதே சாலைக்காகக் குடிசையைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். “ஏம்ப்பா, ரோடு ஒன்னுதானே? அவருக்குப் பணம் வருது, எனக்கு மட்டும் ஏன் காயிதம் வருது?” என்று கேட்டார். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில், சாலைக்கு நிலம் எப்படி எடுக்கிறார்கள்? கிராமச் சாலை பஞ்சாயத்தின் பொறுப்பு. ஆனால் பட்டா நிலத்தைத் தானாகக் கையகப்படுத்தும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. கலெக்டரிடம் போக வேண்டும். அல்லது நிலக்காரர் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் வருசச் சட்டம். ஆட்சேபணை சொல்ல 21 நாள் தருகிறது. மாநில நெடுஞ்சாலைக்கு 2001ஆம் வருசத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். பட்டாக்காரருக்கு இதிலெல்லாம் விசாரணை உண்டு, விலை உண்டு. புறம்போக்கில் இருப்பவருக்கு? 1905இல் வெள்ளைக்காரன் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் கண்ணில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவரும் ஆக்கிரமிப்பாளர்தான். ஆயாவுக்குக் காயிதம் வந்த கதை இதுதான்.

நமக்கு ஏன் பட்டா இல்லை? இந்தத் திருவள்ளூர் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. நம்மவர் அல்லாதார் வாங்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்த நிலமெல்லாம் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்கப் போய்த்தான் 1994இல் காரணையில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கொடுத்த நிலம் கைமாறியது. மிச்சம் இருந்தது புறம்போக்கு. அதையாவது விட்டார்களா? இதே தாலுகாவில் தேர்வாய் கண்டிகை. தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் கிராமம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. மக்கள் வருசக்கணக்கில் போராடினார்கள். 2012இல் அந்த வழக்கைப் பிரான்சு வரைக்கும் கொண்டுபோனார்கள்.

2013இல் புதிய நிலச் சட்டம் வந்தது. நிலமே இல்லாவிட்டாலும், மூன்று வருசமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரரும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது சொன்னது. சமூகத் தாக்க ஆய்வு நடத்தி அவர்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. நம்ம ஆயாவின் பேர் ஏட்டில் ஏறக்கூடிய இடம் அது. தமிழக அரசு 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. இழப்பீடும் மறுவாழ்வும் உண்டு என்றார்கள், ஆய்வு கிடையாது. எண்ணாமல் விட்ட ஆளுக்கு என்ன மறுவாழ்வு? 2019இல் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அரசு உடனே வேறு சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த மூன்று சட்டங்கள் எவை? ஒன்று நெடுஞ்சாலைக்கு. ஒன்று தொழிற்சாலைக்கு. மூன்றாவது, 1978ஆம் வருச ‘அரிஜன’ நலத் திட்டச் சட்டம். பேர் நமக்குப் பிடிக்காத பேர். ஆனா, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? நமக்கு வீட்டுமனை, சுடுகாடு, அந்தச் சுடுகாட்டுக்குப் பாதை. இவற்றுக்காகப் பட்டா நிலத்தை எடுக்கலாம் என்று இருக்கிறது.

தோழர்களே, நாம் ரோட்டுக்கு எதிரிகள் இல்லை. ரோடு கேட்டே தலைமுறைகள் போய்விட்டன. பிணத்தை வரப்பில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணியில் நடந்தவன் நான். பாதை கேட்டால் அதிகாரி சொல்கிறார்: “நடுவுல பட்டா நிலம் இருக்குதே, என்ன செய்ய?” எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் வரைக்கும் சுற்றுச்சாலை போடும்போது நடுவே பட்டா நிலம் இல்லையா? கண்டெய்னர் லாரிக்கு வழிவிடுகிற பட்டா, பாடைக்கு மட்டும் ஏன் குறுக்கே நிற்கிறது?

மாணவர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. வீட்டு வரி ரசீது, ரேசன் கார்டு, கரண்டு பில், ஆக்கிரமிப்பு என்று கொடுத்த பி-மெமோ ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நம்மைக் குற்றவாளி என்று சொன்ன அந்தக் காயிதமே நாம் அங்கே இருந்ததற்குச் சாட்சி. நில அளவைக்கு ஆள் வரும் முன்பே தெருத்தெருவாகப் போய், யார் எந்த நிலத்தில் எத்தனை வருசமாகக் கூலி வேலை செய்கிறார் என்று நாமே எழுதுவோம். கிராம சபையில் வைப்போம். சுடுகாட்டுப் பாதைக்கு 1978ஆம் வருசச் சட்டத்தைச் சொல்லி மனு போடுவோம்.

ஆயாவின் நோட்டீசுக்குப் பதில் மனு எழுதிக் கொடுத்தேன். கீழே ஆயா கைநாட்டு வைத்தார். நான் இதுவரை எழுதியதில் அதுதான் கொஞ்சம் உருப்படியானது. கவிதை அடுத்த கூட்டத்தில்.