பவர் பத்திரம் எதுவரை செல்லும்?

ஒரகடம் பக்கம் மனை, இங்கே ஃபிளாட், பிள்ளைகள் வெளிநாட்டில். நம்மில் பலர் நிலைமை இதுதான். "பையனுக்குப் பவர் எழுதிட்டேன், இனிக் கவலையில்லை" என்கிறோம். கவலைப்பட வேண்டிய நேரத்தில்தான் அந்தப் பவர் கைகொடுக்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அது முடிந்துவிடும். பதிவு செய்திருந்தாலும் அப்படித்தான். நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும் பவர் இங்கிலாந்தில் உண்டு, இங்கே இல்லை.

2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கணவர் கோமாவில். சிகிச்சைக்கு அவர் சொத்தை விற்க மனைவி கோர்ட் ஏற வேண்டியதாயிற்று. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில்தான் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தார்கள். அதிலும் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் போட்டு வட்டியை மட்டும் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை.

சொத்துக்கு வழி அதுதான். பேங்க் கணக்கையாவது இப்போதே 'ஐதர் ஆர் சர்வைவர்' ஆக்கிவிடுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்பீர்கள். நாமினிக்கு நாம் போன பிறகுதான் வேலை. இன்னொன்று, கூட்டு டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். எனவே ஆஸ்பத்திரிச் செலவுக்கான தொகையை சேவிங்ஸ் கணக்கிலேயே வையுங்கள்.