தூண்டுகோலும் எண்ணெயும்



பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்வது நம் மரபு. அந்நிலமோ நடுங்காத நாளில்லை. கருவிகள் இடமறிந்து குறிக்கும் நடுக்கங்களே உலகெங்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50.

இவற்றைத் தூண்டுவது எது? நிலவு கடலை ஈர்ப்பதுபோல் பாறையையும் சற்றே ஈர்க்கிறது. அவ்வீர்ப்பு மிகும் வேளையில் சில இடங்களில் நடுக்கங்கள் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நேபாள இமயத்தில் சிறு நடுக்கங்கள் மழைக்காலத்தில் குறைந்து குளிர்காலத்தில் பெருகுகின்றன. கங்கைச் சமவெளியில் சேரும் மழைநீரின் பாரமும், அது வடிந்தபின் நேரும் தளர்வுமே காரணம் என்பர் ஆய்வாளர்.

ஆயினும், விளக்கில் எண்ணெய் இருந்தால்தான் தூண்டுகோலுக்கு வேலை. இந்தியத் தட்டு இமயத்தின் அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கி, நூற்றாண்டுகளாகச் சேர்த்த அழுத்தமே அந்த எண்ணெய். அது எங்கே, எப்போது பற்றும் என்பதை முழுநிலவு பார்த்து நாள் குறிக்க எவராலும் இயலாது.

நாள் குறிக்க இயலாதபோது நம் கையில் இருப்பது வீடு ஒன்றே. 1993 செப்டம்பர் 30 விடியுமுன், அதே தட்டின் உட்பகுதியான மராட்டியத்து லாத்தூர் வட்டாரம் நடுங்கியது. பெருநடுக்கம் வாராதென்று கருதப்பட்ட நிலம் அது. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து உறங்கிய ஊர்களில் 7,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றவை கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள்.

கவிஞர்களே, நிலத்தின் பொறுமையை இனியும் பாடுங்கள். அதன்மேல் எழும் சுவர் பொறுக்குமா என்றும் கேளுங்கள்.