ரெண்டு மடங்கு வேகத்தில் அம்மா

முதல்ல ஒரு கேள்வி. இந்த எபிசோடை எந்த ஸ்பீடுல கேட்டுக்கிட்டு இருக்கீங்க? 1.5 எக்ஸா, 2 எக்ஸா? தப்பு சொல்ல வரல, நானும் அந்த கேஸ்தான்.

போன மாசம் அம்மா மூணு நிமிஷ வாய்ஸ் நோட் ஒண்ணு அனுப்பினாங்க. மீட்டிங்குக்கு ஓடுற அவசரத்துல 2 எக்ஸ்ல கேட்டேன். பக்கத்து வீட்டுக் கல்யாணம், கேஸ் சிலிண்டர், அப்பாவோட டெஸ்ட். "சரிம்மா"ன்னு பதில் போட்டாச்சு. ரெண்டு நாள் கழிச்சு போன்ல கேக்குறாங்க: "ரிசல்ட் வாங்க நீ கூட வருவேன்னு அப்பா காத்திருந்தார்டா. அப்புறம் தனியாவே பஸ்ல போயிட்டு வந்தார்." அப்படி ஒரு வரி வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல.

ஏன்னு தேடிப் படிச்சப்போ மூளை அலைகள்ல போய் நின்னேன். 1924-ல ஹான்ஸ் பெர்கர்ங்கிற ஜெர்மன் மருத்துவர்தான் மனிதர்கள்கிட்ட இதை முதல்ல பதிவு செஞ்சார். இதுல தீட்டா அலை நொடிக்கு சுமார் 4 முதல் 8 முறை ஏறி இறங்கும். நாம சாதாரணமா பேசும்போது நொடிக்கு நாலஞ்சு அசை வரும். கிட்டத்தட்ட ஒரே வேகம்! கச்சேரியில தொடையில தாளம் போடுறவர் மாதிரி, ஒலியைக் கேட்கும் மூளைப் பகுதி பேச்சின் தாளத்தோட சேர்ந்து போகுது.

2009-ல ஒடெட் கிட்ஸாவும் ஸ்டீவன் கிரீன்பெர்க்கும் பேச்சை மூணு மடங்கு வேகமாக்கி ஆட்களைக் கேட்க வெச்சாங்க. பாதிக்கு மேல வார்த்தைகள் தப்பாச்சு. அப்புறம் அதே வேகப் பேச்சை 40 மில்லிசெகண்ட் துண்டுகளா வெட்டி, நடுவுல 80 மில்லிசெகண்ட் மௌனம் வெச்சாங்க. புதுத் தகவல் எதுவும் சேர்க்கல, வெறும் மௌனம்தான். ஆனா தப்புகள் நல்லாவே குறைஞ்சுது. மூளையின் தாளத்துக்கு ஏற்ற இடைவெளி திரும்பக் கிடைச்சதுதான் காரணம்னு அவங்க விளக்கம்.

நியாயமா சொன்னா, அது மூணு மடங்கு வேகம். 2 எக்ஸ் பெரும்பாலும் புரியும். என் கதையில இன்னொரு விஷயமும் இருக்கு: கவனம். 2012-ல நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் வலிப்பு நோய் சிகிச்சையில இருந்தவங்களுக்கு ஒரே நேரத்துல ரெண்டு குரல்களைப் போட்டு, மூளையின் மேற்பரப்புல இருந்து பதிவு செஞ்சாங்க. கவனிச்ச குரல்தான் அந்தப் பதிவுல தெளிவா இருந்துச்சு, மற்றது மங்கிப்போச்சு. கவனிக்காதது ஞாபகத்துலயும் சரியா தங்காது. அன்னிக்கு எனக்கு ரெண்டாவது குரல், மண்டைக்குள்ள ஓடின மீட்டிங்.

அந்த வாய்ஸ் நோட்டை மறுபடி 1 எக்ஸ்ல கேட்டேன். "அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்"னு சொல்லிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருக்காங்க. அப்புறம், "உனக்கு வேலை இருந்தா பரவால்லப்பா." அந்த இடைவெளியிலதான் விஷயமே இருந்துச்சு. நான் அதைப் பாதியாச் சுருக்கிட்டேன்.

ரிசல்ட் நார்மல்தான். அடுத்த டெஸ்டுக்கு லீவ் போட்டாச்சு. என்னை எந்த ஸ்பீடுல வேணா கேளுங்க மக்களே, வீட்டு ஆளுங்களை மட்டும் 1 எக்ஸ்ல கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!