பூட்டு நம்முடையது, சாவி யாருடையது?



'விஞ்ஞானத்தால் பாதுகாப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?' குறைந்திருக்கிறது என்று சொல்ல, ஏற்காடு மலை வாழவந்தியில இருந்து வந்திருக்கேன். ஊர்ப் பேரிலேயே 'வாழ' இருக்கு. அதனால ரொம்பப் பயமுறுத்த மாட்டேன். (சிரிப்பு)

எங்க பெரியம்மா மிளகு வித்த பணத்தை அரிசிப் பானையில ஒளிச்சு வைப்பாங்க. இப்போ பணம் செல்போன்ல வருது. "பூட்டு எங்க கண்ணு?"ன்னு கேட்டாங்க. "பெரியம்மா, பூட்டே கணக்குதான்"னேன்.

காப்பிக் கொட்டையை அரைக்கறது சுலபம். பொடியை மறுபடி கொட்டையாக்க முடியுமா? அப்படித்தான். 7-ஐயும் 13-ஐயும் பெருக்கினா 91. வெறும் 91-ஐக் கொடுத்து, எதைப் பெருக்கினதுன்னு கேட்டா எதிரணி இன்னும் யோசிக்கிறாங்க! (சிரிப்பு, கைதட்டல்) 617 இலக்க எண்ணாயிருந்தா? கம்ப்யூட்டரே திணறும். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்ட ஆர்.எஸ்.ஏ. பூட்டு அது.

1994-ல் பீட்டர் ஷோர் என்ற அறிஞர், குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் அந்த எண்ணைப் பிரித்துவிடலாம் என்று வழி சொன்னார்.

"அந்த மிஷின்தான் வரலியே!" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, 2019-ல் கிட்னி, எக்கெரோ என்ற இருவர் இதற்கு 2 கோடி குவிட் வேணும்னு கணக்குப் போட்டாங்க. 2025-ல் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவே போதும்னு எழுதிட்டார். திருடன் இன்னும் வரலை. ஆனா ஏணி குட்டையாயிட்டே போகுது! (கைதட்டல்)

"புதுப் பூட்டு வந்தாச்சே!" என்றார் அடுத்தவர். உண்மை. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. நம் நாடும் 2023-ல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. பாராட்டுகிறேன். ஆனா இன்னைக்கே யாராவது பழைய பூட்டோட தகவலை நகலெடுத்து வச்சுக்கிட்டா? மருத்துவ ரகசியம், ராணுவ ரகசியம் எல்லாம் இருபது வருஷம் கழிச்சும் ரகசியம்தானே? போன பெட்டிக்குப் புதுப் பூட்டு போட முடியுமா?

இதைச் சொன்னப்போ பெரியம்மா கேட்டாங்க: "ஏன் கண்ணு, இன்னைக்குத் தூக்கிட்டுப் போன பெட்டியை நாளைக்குத் திறந்தா, திருட்டு என்னைக்கு நடந்தது?"

நடுவர் அவர்களே, திருட்டு இன்னைக்கு! அதனால பூட்டையும் இன்னைக்கே மாத்தணும். பாதுகாப்பு இருக்குன்னு நம்பித் தூங்கறதுதான் பெரிய ஆபத்து என்று கூறி விடைபெறுகிறேன். (கைதட்டல்)