பாம்பும் நாமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அவிநாசிபாளையத்துக்காரன் மைக்கைப் பிடித்தால் பனியன், நூல் விலை என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீங்க. நான் பாம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். யாரும் எழுந்து ஓட வேண்டாம்!

பல வருடங்களுக்கு முன், எங்கள் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்த தெக்கத்திப் பையன் ஒருவன், கட்டிங் வேஸ்ட் மூட்டை ஓரம் தரையில் படுத்துத் தூங்கினான். விடியற்காலம் வயிற்று வலி என்றான். சோடா வாங்கிக் கொடுத்தோம். "கண்ணைத் திறக்க முடியலைங்கண்ணா" என்றான். தூக்கக் கலக்கம், படுடா என்றேன். உடம்பில் காயம் எதுவும் கண்ணில் படவில்லை. மூச்சுத் திணறிய பிறகுதான் வண்டியை எடுத்தோம். பையன் பிழைக்கவில்லை. கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் ஆத்திரத்தில் குடோனில் கிடந்த ஒரு பாம்பை அடித்துக் கொன்றோம். அது சாரை. விஷமில்லாதது, எலி தின்பது. அப்புறம் எலி பெருகித் துணி ரோலையெல்லாம் கடித்து வைத்தது வேறு கதை.

மனசு கேட்காமல்தான் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்குப் போனேன். அங்கே 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிழைப்பு போனது. ராமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, கொல்லாமல் விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். துணி கட்டிய மண்பானையில் பாம்பை வைத்து, நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாம் படித்த படிப்பு புத்தகத்தில் இருந்தது, அவர்கள் படிப்பு மண்ணில் பதிந்த தடத்தில் இருக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நண்பர்களே, உங்களில் பலர் கம்பெனி, தோட்டம் வைத்திருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள். தொழிலாளிக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுங்க. கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். வலி அவ்வளவாகத் தெரியாது. வேஸ்ட் மூட்டையைக் குவிக்காதீங்க. எலி வந்தால் பாம்பு வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீங்க. கடித்துவிட்டால் கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க. கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, மாற்று மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. பாம்பைத் தேடி அடிக்கிற நேரம், உயிரிலிருந்து கழிகிற நேரம்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்குவதில் தப்பில்லை, தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தப்பு. இப்போது எங்கள் கம்பெனியில் யாரும் தரையில் படுப்பதில்லை. "கண்ணைத் திறக்க முடியலை" என்று எவன் சொன்னாலும் முதலில் வண்டிச் சாவியைத்தான் எடுக்கிறேன். அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் அது.