ரெண்டு பாதம் குறைச்சுக்கலாம்

நான் கடலூர்ல இருந்து பேசறேன். தினமும் காலையில ஆறு மணிக்கு கிரவுண்ட்ல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். மத்த நேரத்துல சாதாரண ஆபீஸ் வேலைதான். இன்னைக்கு எபிசோட் பெண்கள் ஓடற ரிலே பத்தி. அதுல நான் பண்ணின ஒரு தப்பு பத்தியும்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பெண்கள் 100 மீட்டர் உலக சாதனை 10.49 வினாடி. 1988-ல் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடியது. 4×100 ரிலே உலக சாதனை 40.82 வினாடி. அது 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி ஓடியது. இந்த 40.82-ஐ நாலால வகுத்துப் பாருங்க. ஆளுக்கு 10.2 வினாடி வருது. உலகத்தில் எந்தப் பெண்ணும் தனியாக ஓடாத வேகம் அது. அதை நாலு பேரும் சராசரியா ஓடியிருக்காங்க.

எப்படி முடிஞ்சது? முதல் ஆள் மட்டும்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறார். மற்ற மூன்று பேரும் பேட்டன் கைக்கு வரும்போதே வேகம் எடுத்திருப்பார்கள். ரிலேவில் நேரம் மிச்சமாவதும் அந்த இடத்தில்தான், தொலைவதும் அந்த இடத்தில்தான்.

அந்த இடத்துக்கு நீளம் 30 மீட்டர். அதற்குள் பேட்டன் கை மாறியாக வேண்டும். உங்க கால் எங்க இருக்குன்னு யாரும் பார்க்க மாட்டாங்க. பேட்டன் எங்க இருக்குங்கிறதுதான் கணக்கு. ஒரு ஜாண் வெளியே போனாலும் மொத்த அணியும் அவுட்.

வாங்கப் போகிறவள் எப்போது கிளம்பணும்? அதுக்குத்தான் செக் மார்க். தான் நிற்கிற இடத்திலிருந்து பின்பக்கமா பாதம் பாதமா அளந்து, தன் லேனில் ஓர் அடையாளம் வைப்பாள். சிந்தெடிக் டிராக் என்றால் ஒரு டேப் ஒட்டலாம். 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மண் டிராக் என்றால் ஒரு கீறல் போதும். பின்னால் வருகிறவள் அந்த அடையாளத்தைத் தொட்ட நொடியில் இவள் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. சத்தம் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பேட்டன் வரும் என்று நம்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வேகமான ஆட்கள் இருந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைச் சொல்வேன். பெண்கள் 100 மீட்டரில் மூன்று பதக்கமும் ஜமைக்காவுக்கே. ஷெல்லி ஆன் ஃபிரேசர் தங்கம், ஷெரோன் சிம்ப்சனும் கெரான் ஸ்டீவர்ட்டும் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கொரு வெள்ளி. இந்த மூன்று பேரோடு 200 மீட்டர் சாம்பியன் வெரோனிகா கேம்பல் பிரவுனும் சேர்ந்தது ரிலே அணி. அதைவிட வேகமான நாலு பேரை அன்னைக்கு உலகத்தில் யாராலும் சேர்த்திருக்க முடியாது. ஆனால் இரண்டாவது ஆள் சிம்ப்சனிடமிருந்து மூன்றாவது ஆள் ஸ்டீவர்ட்டுக்கு பேட்டன் ஒழுங்காகப் போகவில்லை. பதக்கமும் போனது.

இப்ப என் கதைக்கு வரேன்.

2019. நான் கடலூர்ல ஒரு காலேஜில் முதல் வருஷம். எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தாங்க, மூணாவது வருஷம். எங்க பக்கத்து காலேஜ் மீட் எதிலும் 100 மீட்டரில் அவங்களுக்கு முன்னாடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. தேவனாம்பட்டினம் பீச் மணலில் எங்களோட சேர்ந்து ஓடுவாங்க. நாங்க மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போது அவங்க அடுத்த ரவுண்டு கிளம்பியிருப்பாங்க.

எங்கள் பி.டி. சார் அக்காவைக் கடைசி லெக்கில் போட்டார். என்னை மூணாவது லெக். எனக்கு முகம் வாடிப்போச்சு. மூணாவது ஆளை யார் பார்ப்பாங்க? சார் கவனிச்சிட்டார். "கடைசியில ஓடுறவள ஊரே போட்டோ எடுக்கும். மூணாவது ஓடுறவள நான் பார்ப்பேன்"னு சொன்னார்.

அதுக்குக் காரணம் இருக்கு. மூன்றாவது ஆள் வளைவில் ஓட வேண்டும். அதோடு பேட்டனை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். முதல் ஆள் வலது கையில் எடுத்துக்கொண்டு வளைவின் உள்பக்கமாக வருவார். இரண்டாவது ஆள் இடது கையில் வாங்குவார். மூன்றாவது ஆள் மறுபடி வலது கை, கடைசி ஆள் இடது கை. யாரும் நடுவில் கை மாற்றுவதில்லை. மாற்றுகிற நேரத்தில் வேகம் குறையும், நழுவவும் வாய்ப்பு உண்டு.

நானும் அக்காவும் ஒரு மாசம் பழகினோம். எங்க மார்க் 22 பாதம். நான் அந்தக் கீறலைத் தொட்டதும் அக்கா கிளம்புவாங்க. நான் "கை"ன்னு கத்துவேன். இடது கை பின்னால் வரும். கண்ணை மூடிக்கிட்டு கொடுக்கலாம், அப்படி ஒட்டிக்கிச்சு.

மீட் நடந்தது சிதம்பரத்தில். விடியற்காலையில் கடலூர் ஓ.டி.யில் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் போகும்போது எல்லாரும் பாட்டு பாடிக்கிட்டு வந்தாங்க. நான் ஜன்னல் ஓரமா வயித்தைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்னைக்கு பீரியட்ஸ், இரண்டாவது நாள். அது போதாதுன்னு காலையில் 400 மீட்டர் ஹீட்ஸ் வேற ஓடினேன். மண் டிராக், மாசி மாச வெயில். மத்தியானம் ரிலே ஃபைனலுக்குக் கூப்பிடும்போது தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருந்தது.

அக்கா வந்து, "என்னாடி, கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"நல்லா இருக்குக்கா."

சார் கிட்ட சொல்ல வெட்கம். அக்கா கிட்ட சொல்ல பயம். சொன்னா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்களோன்னு. அக்கா 22 பாதம் அளந்து கீறல் போட்டாங்க. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.

இரண்டாவது லெக் முடியும்போது நாங்கதான் முன்னாடி இருந்தோம். பேட்டன் சுத்தமா என் கைக்கு வந்தது. வளைவில் பாதி தூரம் சரியா போச்சு. அப்புறம் கால் வரல. கீறலைத் தொட்டேன். அக்கா கிளம்பினாங்க, எப்பவும் கிளம்புற அதே வேகத்தில். தப்பே இல்லை. நான் அவங்களை நெருங்கவே முடியல. "கை"ன்னு கத்தினேன். கை வந்தது. என் பேட்டன் எட்டல. அக்கா வேகத்தைக் குறைச்சாங்க, கிட்டத்தட்ட நின்னே போயிட்டாங்க. பேட்டன் அவங்க கையில் பட்டபோது கோட்டைத் தாண்டியாச்சு. ஓர் அம்பயர் கொடியைத் தூக்கினார். அக்கா அதைப் பார்க்கவே இல்ல, முழு வேகத்துல ஓடி முதல் ஆளா முடிச்சாங்க. முடிச்சிட்டு சிரிச்சிக்கிட்டே திரும்பினாங்க. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல.

அக்காவுக்கு 100 மீட்டர் சர்டிபிகேட் ஏற்கெனவே கையில இருந்தது. ஆனா எங்க இரண்டாவது லெக் ஓடின பொண்ணுக்கு ரிலே மட்டும்தான். அடுத்த படிப்புக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேர அவ அதைத்தான் நம்பியிருந்தா. பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பாடல.

கதையை இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, 4×400 ரிலே பத்தி ஒன்னு சொல்லணும். சொன்னாதான் என் தப்பு எதுன்னு உங்களுக்குப் புரியும்.

4×400-ல் பேட்டன் வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்தே ஆகணும். ஏன்னா 400 மீட்டர் முழுசா ஓடி வருகிறவருக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும்னு முன்கூட்டியே அளந்து வைக்க முடியாது. களைச்சு வந்தா மெதுவா கிளம்பணும். தெம்பா வந்தா சீக்கிரம் கிளம்பணும். கண்ணால பார்த்து முடிவு பண்றது. 4×100-ல் அந்த வசதி கிடையாது. அங்க உங்க களைப்பை யாரும் பார்க்கப் போறதில்லை. நீங்களா வாய் திறந்து சொன்னாத்தான் உண்டு.

நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகம் பேர் வாங்கினது இந்த 400 மீட்டர் ரிலேவில்தான். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் டோக்கியோ ஒலிம்பிக் கலப்பு ரிலேவுக்கு ஆள் எடுக்க ஒரு தகுதி ஓட்டம் நடந்தது. முதல் மூன்று இடமும் தமிழ்நாட்டுக்குத்தான். மதுரை ரேவதி வீரமணி 53.55 வினாடி. திருச்சி சுபா வெங்கடேசன் 54.26. திருச்சி தனலட்சுமி சேகர் 54.27.

ரேவதி பாட்டி வளர்த்த பொண்ணு. லேடி டோக் கல்லூரியில் படித்தவர். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர். தனலட்சுமி அதே வருஷம் மார்ச் மாதம் ஃபெடரேஷன் கோப்பையில் 11.39 வினாடியில் 100 மீட்டர் ஓடி டூட்டி சந்தை முந்தியவர். சுபாவுக்கும் தனலட்சுமிக்கும் நடுவில் இருந்தது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. மூவரும் டோக்கியோ அணியில் இடம்பிடித்தார்கள். களத்தில் இறங்கியது ரேவதியும் சுபாவும். முகமது அனஸ், ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் என்ற வரிசையில் ஓடி 3 நிமிடம் 19.93 வினாடி. ஹீட்ஸோடு முடிந்தது.

அப்போ கலப்பு ரிலேவில் யார் எந்த லெக் ஓடணும்னு அணிகளே முடிவு செய்யலாம். 2019 தோஹா உலகப் போட்டியில் போலந்து முதல் ரெண்டு லெக்கும் ஆண்களை விட்டு, பெரிய முன்னிலை எடுத்துப் பார்த்தது. கடைசியில் மற்ற அணிகளின் ஆண்கள் வந்து முந்திவிட்டார்கள். 2022-லிருந்து ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதனால் கலப்பு ரிலேவில் கடைசி லெக் இப்போது எப்போதுமே ஒரு பெண்ணுக்குத்தான்.

2023 அக்டோபர், ஹாங்சோ ஆசிய விளையாட்டு. முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், கடைசியாக சுபா. நாலில் மூணு பேர் தமிழ்நாடு. 3 நிமிடம் 14.34 வினாடியில் மூன்றாவதாக வந்தார்கள். இரண்டாவதாக வந்த இலங்கை அணி லேன் விதியை மீறியதாகத் தகுதி இழக்க, வெண்கலம் வெள்ளியானது. நான் போன்ல அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த இலங்கை அணியில் யாரோ ஒருத்தர் அன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்னும் நினைச்சேன். ஜெயிச்ச மாதிரி சிரிச்சிட்டு, அப்புறம் திரும்பிப் பார்க்கிற அந்த முகம் எனக்குத் தெரியும்.

அன்னைக்குத்தான் நாலு வருஷம் கழிச்சு அக்காவுக்கு போன் பண்ணினேன். சிதம்பரத்தில் என்ன நடந்ததுன்னு முழுசா சொன்னேன். பீரியட்ஸ், 400 ஹீட்ஸ், "நல்லா இருக்குக்கா"ன்னு சொன்ன பொய், எல்லாத்தையும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "லூசு. சொல்லியிருந்தா ரெண்டு பாதம் குறைச்சிருப்பேன்டி. அவ்ளோதானே?"

அவ்ளோதான். 22-க்கு பதிலா 20. அளவில் அரை மீட்டர்கூட வராது. அக்கா ஒரு கணம் தாமதமா கிளம்பியிருப்பாங்க, நான் கோட்டுக்கு முன்னாடியே எட்டிப் பிடிச்சிருப்பேன். என்னை டீமிலிருந்து தூக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நான் அக்காவை நம்பினேன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். வேகத்தை நம்பினேன், ஆளை நம்பல.

"அப்போ என் மேல கோவமே இல்லையாக்கா?"ன்னு கேட்டேன். "இருந்தது. எனக்காக இல்ல. ரெண்டாவது லெக் ஓடினாளே, அவளுக்காக. அவகிட்டயும் இதைச் சொல்லு"ன்னாங்க. அவ நம்பரைத் தேடிப் பிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. சொன்னேன். அவ என்ன பதில் சொன்னாங்கிறது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

இப்ப நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள்கிட்ட ரேஸுக்கு முன்னாடி "கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்கிறதில்ல. அதுக்கு எல்லாரும் "நல்லா இருக்கு மேடம்"னுதான் சொல்லுவாங்க. "எத்தனை பாதம்?"னு கேட்கிறேன். காரணம் சொல்ல வேண்டாம், நம்பர் மட்டும் போதும். பீரியட்ஸா, காய்ச்சலா, வீட்ல சண்டையா, ராத்திரி தூக்கம் இல்லையா, நான் துருவ மாட்டேன்.

போன மாசம் ஒரு எட்டாவது படிக்கிற பொண்ணு மார்க் போடுறப்ப வந்தா. அவளுக்குப் பேட்டன் வாங்கப் போற பொண்ணைப் பார்த்து, "இன்னைக்கு ரெண்டு பாதம் குறைச்சுக்கலாம்"னா. அந்தப் பொண்ணு ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. போட்ட கீறலைக் காலால அழிச்சிட்டு, தன் பக்கமா ரெண்டு பாதம் தள்ளி வேற கீறல் போட்டா.

அன்னைக்கு அவங்க மூணாவது வந்தாங்க. பேட்டன் கோட்டுக்குள்ளதான் கை மாறுச்சு.

சரி, இன்னைக்கு இது போதும். நீங்க ஸ்கூல்லயோ காலேஜ்லயோ ரிலே ஓடியிருந்தா எந்த லெக்னு எழுதி அனுப்புங்க. மூணாவது லெக்னா கண்டிப்பா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.